நமுனுகுல மலையடிவாரத்தில் மதுவும் மதுவிலக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

ஊவா மாகாணத்தின் பதுளை நகரிலிருந்து தெற்கே நோக்குவோர்க்கு வானை மறைத்து நிற்பது நமுனுகுல மலைத்தொடராகும். ஒன்பது சிகரங்கள் என்னும் பொருள்படும் சிங்களப் பெயரைத் தாங்கிய இம்மலை ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரமுடையது. அதன் சரிவுகளில் பசறை, ஸ்பிறிங்வெளி, தெமோதரை எனத் தேயிலைத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து கிடக்கின்றன. இத்தோட்டங்களின் வரலாறு இன்று ஓரளவு எழுதப்பட்டுள்ளது. துரைமாரின் வரலாறும், தேயிலையின் வரலாறும், தொழிற்சங்கங்களின் வரலாறும் நூல்களாய் வந்துள்ளன. ஆயின், சம்பள நாளன்று மாலையில் லயத்து வாசலிற் காத்திருந்த மனைவியின் வரலாறும், அன்றிரவு தவறணைப் பக்கம் போகாமல் வீடு திரும்பிய மனிதனின் வரலாறும் இன்னும் எழுதப்படவில்லை.

மலையக மக்களையும் மதுவையும் இணைத்துப் பேசுவது எளிதானது. அவ்வாறு பேசியோர் பலர். குடியினாலேயே இம்மக்கள் வறியராயினர் என்பது அன்னோர் கூற்று. அக்கூற்றை மறுப்பதோ மெய்ப்பிப்பதோ இக்கட்டுரையின் முதன்மை நோக்கமன்று. குடியைக் கைவிட முயன்றோர் எவ்வெவ் வழிகளில் முயன்றனர், அவற்றுள் எவ்வழி நிலைத்தது, எவ்வழி நிலைக்கவில்லை என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். குடியை விடுதல் வேறு. விட்ட நிலையிலே ஆண்டுக்கணக்காக வாழ்தல் வேறு. முன்னது பலரால் இயல்வது. பின்னது சிலர்க்கே கைகூடுவது. அச்சிலர்க்கு அது கைகூடியமைக்கான காரணத்தை வரலாற்றில் தேடுவது பயனுடைய முயற்சியாகும்.

மது மலையேறிய வரலாறு

தமிழர் வாழ்விற் கள் புதிதாகப் புகுந்த பொருளன்று. சங்கச் செய்யுள்களில் மன்னனும் புலவனும் ஒருங்கிருந்து கள்ளுண்ட செய்தி பல இடங்களிற் காணப்படுகின்றது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டிலும் அவ்விருவரும் கள்ளைப் பகிர்ந்துண்ட நினைவு இடம்பெறுகின்றது. ஈண்டு நாம் கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பழந்தமிழகத்திற் குடி என்பது தனியொருவன் செயலாக அன்றிக் கூடியிருத்தலின் அடையாளமாகவே விளங்கியது. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினஞ்சேராமை என ஒருவன் சேருங் கூட்டத்தைப் பற்றியும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்துள்ளார். இவற்றை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, ஒருவனது ஒழுக்கம் அவன் சார்ந்த இனத்தோடு பிணைந்தது என்னும் கருத்துத் தெளிவாகப் புலப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் மலைநாட்டிற் கோப்பிப் பயிரைத் தொடங்கியபோது, தமிழகத்தின் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலான பகுதிகளிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். கோப்பிக் காலத்தில் அவர்கள் பெரும்பாலும் பருவகாலத் தொழிலாளராகவே வந்து சென்றனர். கோப்பியை அழித்த இலைநோய் 1869 ஆம் ஆண்டு முதன்முதலாகக் காணப்பட்ட இடம் ஊவாவின் மடுல்சீமைப் பகுதி என்பது குறிப்பிடத்தக்கது. அதன் பின்னர்த் தேயிலை பரவிற்று. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆட்கள் தேவைப்பட்டனர். எனவே தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறையே ஒரு குடும்பத்தின் வீடாயிற்று.

ஊரை விட்டு வந்தவர்கள் ஊரில் இருந்த உறவு, ஊர்மன்றம், குலதெய்வக் கோயில் ஆகிய பலவற்றையும் விட்டே வந்தனர். ஊரில் ஒருவன் அளவு மீறிக் குடித்தால் அவனைக் கண்டிப்பதற்குப் பங்காளிகளும் ஊர்ப் பெரியவர்களும் இருந்தனர். தோட்டத்தில் அவன்மீது அதிகாரஞ் செலுத்தியவர்கள் துரையும் பெரிய கங்காணியுமேயாவர். அவர்கள் காலையில் அவன் பிரட்டுக்கு வந்தானா என்று பார்த்தனர். இரவில் அவன் எவ்வாறு இருந்தான் என்பது அவர்களது கவலையாக இருக்கவில்லை. பெரிய கங்காணியிடம் பட்ட கடனே அவனைத் தோட்டத்தோடு பிணைத்தது. கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு முறை 1921 இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலைக்குளிர், உடல் நோவு, தீராத கடன், திரும்பவியலாத ஊர் ஆகிய அனைத்தும் ஒருங்கு சேர்ந்தவிடத்து, தவறணையின் வெளிச்சம் ஒருவனை ஈர்த்ததில் வியப்பில்லை. அங்குதான் அவனைப் பெயர் சொல்லி அழைப்போர் இருந்தனர். அங்குதான் அவன் ஆளாக அன்றி மனிதனாக அமர்ந்தான்.

இதில் அரசின் பங்கும் சிறிதன்று. சாராய விற்பனை உரிமையை ஏலத்தில் விடும் குத்தகை முறை ஒல்லாந்தர் காலத்திலிருந்து தொடர்ந்தது. ஆங்கிலேயர் அதனைப் பேணி வளர்த்தனர். அரசிறையில் அதற்குக் குறிப்பிடத்தக்க பங்கிருந்தது. இலங்கையின் புதிய செல்வந்தர் குடும்பங்கள் சிலவற்றின் முதலீடு சாராயக் குத்தகையிற் பிறந்ததென்பதைக் கலாநிதி குமாரி ஜயவர்தன விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். தோட்டங்கள் பெருகிய இடங்களில் அச்சாராயத்துக்கு வாங்குவோரும் பெருகினர். தொழிலாளியின் கூலி ஒரு கையால் வழங்கப்பட்டு மறு கையால் மீளப்பெறப்பட்டது எனலாம்.

மேலிருந்து வந்த மதுவிலக்கு

இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் 1904 ஆம் ஆண்டளவில் எழுச்சி பெற்றது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தையொட்டிக் கள்ளுத் தவறணைகள் நாடெங்கும் பெருகியபோது அவ்வியக்கம் மீண்டும் வலுவடைந்தது. டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலியோர் அதில் முன்னின்றனர். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அவர்கள் சிறைப்படுத்தப்பட்டனர். தேசிய இயக்கத்தின் முன்னோடியாக இம்மதுவிலக்கு இயக்கத்தை வரலாற்றாசிரியர் கருதுவர். ஆயின் அது பெரிதும் சிங்கள பௌத்த மறுமலர்ச்சியோடு இணைந்து வளர்ந்தது. தோட்டத் தொழிலாளியின் மொழியில் அவனோடு பேசியதாக அதனைக் கூறுதற்கில்லை.

1927 ஆம் ஆண்டு நவம்பரில் மகாத்மா காந்தி இலங்கைக்கு வந்தார். மலைநாட்டிற்கும் அவர் சென்றார், பதுளையிலும் உரையாற்றினார். இலங்கைப் பயணத்தில் அவர் தொழிலாளரை நோக்கிக் கூறிய அறிவுரைகளுள் மதுவை விடுக என்பது முதன்மையான ஒன்றாகும். அதே ஆண்டிலேதான் இந்தியத் தொழிலாளர்க்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் நிறைவேறியது. கூலியைப் பற்றியும் குடியைப் பற்றியும் ஒரே ஆண்டிற் பேசப்பட்டமை சிந்திக்கத்தக்கது. காந்தியடிகளின் சொல்லைக் கேட்டுக் குடியை விட்டோர் இருந்திருப்பர். ஆனால் அவர் வந்த வழியே சென்றார்; தவறணை இருந்த இடத்திலேயே இருந்தது.

தாய்த் தமிழகத்திலும் இத்தகைய முயற்சிகள் நடைபெற்றன. திருச்செங்கோட்டிற் காந்தி ஆசிரமம் நிறுவிய இராஜாஜி, 'விமோசனம்' என மதுவிலக்குக்கென்றே ஓர் இதழை 1929 இல் நடத்தினார். பின்னர் அவர் சென்னை மாகாண முதலமைச்சரானபோது 1937 ஒக்டோபரிற் சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தொழிலாளர் பலரது பூர்வீகம் சேலம் மாவட்டம் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1948 அளவில் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, 1971 இற் கைவிடப்பட்டு, 1974 இல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, பின்னர் மீண்டும் தளர்த்தப்பட்டது. 2003 இலிருந்து அரசே சில்லறை மதுக்கடைகளையும் நடத்துகின்றது. இலங்கையிலும் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபை நிறுவப்பட்டது. விளம்பரமும் இளையோர்க்கான விற்பனையும் தடைசெய்யப்பட்டன.

சட்டம் தேவையற்றது என்பது எமது கருத்தன்று. கடை அருகில் இல்லாவிடின் புதிதாகக் குடிக்கத் தொடங்குவோர் தொகை குறையும். ஆயினும் சட்டம் கடையை மூடுமேயன்றி நாவின் வேட்கையை மூடாது. தவறணை மூடப்பட்ட இடத்திற் கசிப்பு தோன்றுவதைத் தோட்டங்களில் வாழ்ந்தோர் அறிவர். மேலும், மேலிருந்து வந்த மதுவிலக்கு முயற்சிகளுக்கெல்லாம் பொதுவான குறையொன்று இருந்தது. குடியாதவர் குடிப்பவர்க்கு உபதேசித்தமையே அக்குறை. உபதேசித்தவர் உயர்ந்த இடத்தில் நின்றார். கேட்டவன் தலை குனிந்து நின்றான். குனிந்த தலை நிமிர்வதற்கு அவன் அறிந்த வழி அக்குடியாகவே இருந்தது.

விரதமும் அதன் எல்லையும்

அரசும் தலைவர்களும் அறியாத இன்னொரு மதுவிலக்கு மலையகத்தில் என்றும் இருந்து வந்துள்ளது. அது சமயத்தின்பாற்பட்டது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் தோட்டத்திற் பலர் மதுவையும் மாமிசத்தையும் விலக்குவர். மாசி மாதத்திற் காமன் கம்பம் நாட்டப்பட்டதும் காமன் கூத்திலே பாத்திரமேற்போர் நோன்பிருப்பர். மன்மதனாகவும் ரதியாகவும் வேடம் புனைபவர் தூய்மையுடன் இருத்தல் வேண்டும் என்பது தோட்டத்து நம்பிக்கை. கதிர்காமக் கந்தனுக்கு நேர்த்தி வைத்தோர் ஆடி மாதத்துத் திருவிழாவை நோக்கி விரதங்காப்பர். இன்று மொனராகலை மாவட்டத்தினுள் அடங்கும் கதிர்காமம் ஊவாவின் தோட்ட மக்களுக்கு அயலூர் போன்றது. மலையிறங்கி நடந்தே சென்றோர் முற்காலத்திற் பலர். அண்மைப் பல ஆண்டுகளாக ஐயப்பன் விரதமும் தோட்டங்களிற் பரவியுள்ளது. மாலையணிந்த நாள்முதல் நாற்பத்தொரு நாள் ஒருவன் மதுவைத் தொடுவதில்லை.

இவ்விரதங்களின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. இருபது ஆண்டு குடித்த ஒருவன் ஒரு மண்டலம் குடியாமல் இருக்கின்றான் எனின், குடியாமல் இருத்தல் அவனுக்கு இயலும் என்பது அதனால் நிறுவப்படுகின்றது. அவனைக் கட்டியது சட்டமன்று, காவலரும் அல்லர். தன்னினும் மேலான ஒன்றன்பால் அவன் கொண்ட பற்றே அவனைக் கட்டியது. அத்துடன் விரதகாலத்தில் அவன் தனித்திருக்கவில்லை என்பதையும் நோக்க வேண்டும். ஐயப்பன்மார் ஒருவரையொருவர் 'சாமி' என விளிக்கின்றனர். குடும்பமும் அயலும் அவனை மரியாதையுடன் நடத்துகின்றன. பசனைக்கும் பூசைக்கும் கூட்டமாகச் செல்கின்றனர். ஆகவே விரதம் என்பது பக்தியும் கூட்டுறவும் ஒருங்கிணைந்த நிலையாகும்.

அவ்வாறாயின் விரதம் முடிந்ததும் அவன் மீண்டும் குடிப்பதேன்? விடை வெளிப்படையானது. விரதத்துக்கு இறுதி நாள் உண்டு. மாலை கழற்றப்படும்போது அதனோடு 'சாமி' என்ற விளியும் கழற்றப்படுகின்றது. கூட்டம் கலைகின்றது. நாற்பத்தொரு நாளும் உடனிருந்த துணை நாற்பத்திரண்டாம் நாள் இல்லை. அன்று அவனுக்காகக் காத்திருப்பது பழைய கூட்டமே. எனவே விரதம் தோற்றதென்று கூறுவதைவிட விரதத்தோடு வந்த தோழமை தொடரவில்லை என்று கூறுவதே பொருந்தும்.

குடித்தவரே குடிப்பவர்க்குத் துணை

இத்தோழமையைத் தொடரச் செய்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடைகாண முயன்ற இயக்கங்கள் பிறநாட்டு வரலாற்றிற் காணப்படுகின்றன. அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் 1840 ஆம் ஆண்டு மதுச்சாலையொன்றிற் கூடிய குடிகாரர் அறுவர், இனிக் குடிப்பதில்லையென உறுதிபூண்டு 'வாஷிங்ரன் சங்கம்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். குடித்துத் திருந்தியோர் தம் கதையைத் தாமே எடுத்துரைத்தமையால் இலட்சக்கணக்கானோர் அதன்பால் ஈர்க்கப்பட்டனர். ஆயின் சில ஆண்டுகளிலேயே அச்சங்கம் சிதைந்தது. அரசியற் சச்சரவுகளும் பேச்சாளரின் புகழ்வேட்கையும் பிறவும் அதனுட் புகுந்தமை சிதைவுக்குக் காரணங்களெனக் கூறப்படும்.

அதே நாட்டில் 1935 ஆம் ஆண்டு அக்ரன் என்னும் நகரில் இருவர் சந்தித்தனர். ஒருவர் நியூயோர்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன். மற்றவர் அந்நகரத்து அறுவைமருத்துவர் றொபேட் சிமித். இருவரும் குடியால் நிலைகுலைந்தவர்கள். தாம் மட்டும் தனித்துக் குடியை எதிர்க்கவியலாது என்பதையும், மற்றொரு குடிகாரனுக்கு உதவும்போது தமது வேட்கை தணிகின்றது என்பதையும் வில்சன் தம் அனுபவத்திற் கண்டிருந்தார். சிமித் இறுதியாக மதுவருந்திய 1935 யூன் 10 ஆம் நாளே 'அல்கொஹோலிக்ஸ் அனொனிமஸ்' எனப்படும், பெயர் வெளியிடாக் குடிநோயாளர் கூட்டுறவின் தொடக்கநாளாகக் கொள்ளப்படுகின்றது. 1939 இல் வெளிவந்த அதன் நூலிற் பன்னிரு படிகள் வகுக்கப்பட்டன. தன் இயலாமையை ஏற்றல், தான் உணர்ந்தவாறான இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல், தன் குற்றங்களை எண்ணிப் பார்த்துப் பிறரிடம் ஒப்புக்கொள்ளல், தீங்கிழைக்கப்பட்டோர்க்கு ஈடுசெய்தல், பிற குடிநோயாளர்க்கு உதவுதல் என்பன அவற்றின் சாரமாகும். முன்னைய சங்கத்தைச் சிதைத்த குறைகள் இதனுட் புகவில்லை. அரசியலில் ஈடுபடாமை, வெளியாரிடம் நன்கொடை பெறாமை, உறுப்பினர் பெயரை வெளியிடாமை என்பன அதன் மரபுகளாயின. வாழ்நாள் முழுவதுக்குமான சபதத்தை அது கோருவதில்லை. இன்றைய ஒரு நாள் குடியாதிருத்தலையே கோருகின்றது.

இங்குச் சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் யுங் 1961 இல் வில்சனுக்கு எழுதிய கடிதமொன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். தம்மிடம் முன்னர்ச் சிகிச்சை பெற்ற ஒரு குடிநோயாளரைப் பற்றிய அக்கடிதத்தில், குடிக்கான வேட்கை உண்மையில் முழுமையை நாடும் ஆன்மாவின் தாகமே என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். மதுவுக்கும் ஆன்மாவுக்கும் இலத்தீன் மொழியில் ஒரே சொல் வழங்குவதையும் அவர் சுட்டினார். பேரின்பத்தைத் தேன் என்றும் அமுதென்றும் பாடிய பக்திமரபினை உடைய நமக்கு இக்கருத்துப் புதுமையானதன்று.

அக்ரனில் தோன்றியது தனியாட்களின் கூட்டுறவு. ஒரு குடியிருப்பு முழுவதும் இவ்வாறு மாறவியலுமா என்னும் ஐயம் எழலாம். கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாவில் அல்கலி ஏரி என்னும் பூர்வகுடிக் குடியிருப்பொன்று உள்ளது. நிலமும் மொழியும் சமயமும் பறிக்கப்பட்ட அம்மக்களிடையே குடி எங்கும் பரவியிருந்தது. 1972 இல் பிலிஸ் செல்சி என்னும் பெண்மணி குடியை நிறுத்தினார். பெற்றோர் குடிக்கும் வீட்டுக்கு வரமாட்டேன் என அவரது சிறுமகள் மறுத்ததே காரணம். பின்னர் அவர் கணவர் அன்டி செல்சியும் நிறுத்தினார். தொடக்கத்தில் அவர்களுடன் சேர்ந்தோர் மிகச் சிலரே. கூட்டங்கள் தொடர்ந்தன, மறைந்துபோன பழைய சமயச் சடங்குகள் மீட்கப்பட்டன. எண்பதுகளின் நடுப்பகுதியில் அம்மக்களுட் பெரும்பாலோர் மதுவை விட்டிருந்தனர். இடம் பெயர்க்கப்பட்டு, உரிமை இழந்து, பிறர் ஆட்சியின்கீழ் வாழ்ந்த மக்கள் என்ற வகையில் மலையகத்தார்க்கும் அவர்க்கும் இடையே ஒப்புமை உண்டு.

ஆய்வுகளும் இவ்வுண்மையை நோக்கியே செல்கின்றன. பல பத்தாண்டுகளாக ஒரே மனிதர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த அமெரிக்க உளமருத்துவர் ஜோர்ஜ் வெய்லன்ற், 1983 இல் வெளியிட்ட நூலிலே நீடித்த மதுவிலக்குக்குத் துணைசெய்வன நான்கு எனக் கண்டார். மதுவின் இடத்தை நிரப்பும் வேறொரு பழக்கம், குடித்தால் வருந் தீங்கை இடையறாது நினைவூட்டும் ஒன்று, புதிய அன்புறவு, நம்பிக்கையையும் தன்மதிப்பையும் வளர்க்கும் கூட்டம் அல்லது சமயவாழ்வு என்பன அவை. ஐந்தாண்டு தொடர்ந்து மதுவை விலக்கியோர் மீண்டும் வீழ்வது அரிது என்பதும் அவரது நீண்ட ஆய்வில் வெளிப்பட்டது. 2020 இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, தொடர்ச்சியான முழு மதுவிலக்கைப் பொறுத்தவரை பன்னிரு படி வழியையும் அதன் கூட்டங்களையும் சார்ந்த சிகிச்சைகள் ஏனையவற்றினும் மேம்பட்டன என முடிவுசெய்தது. தமிழகத்தில் 1980 இல் சாந்தி ரங்கநாதன், குடியால் இறந்த தம் கணவரின் பெயரிலே சென்னையில் நிறுவிய நிலையமும் மருத்துவத்தோடு குடும்பத்துக்கும் இடமளித்தே செயற்பட்டு வருகின்றது.

ஒரு குடும்பச் சான்று

இவ்விடத்தில் நூல்களிற் காணப்படாத சான்றொன்றை முன்வைக்க வாசகர் இடந்தருவர் என நம்புகின்றேன். நமுனுகுல மலையடிவாரத் தோட்டமொன்றில் வாழ்ந்த என் பாட்டனார் கவ்வாத்துத் தொழிலாளி. ஆண்டுதோறும் கதிர்காமத்துக்கு விரதமிருந்து சென்றவர். திரும்பி வந்த அன்றே குடித்தவர். பாட்டியார் எடுத்த கொழுந்தின் கூலியையும் அவரே சென்று பெற்றுவருவார். அதில் வீடு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதைப் பாட்டியார் விரலை மடக்கிக் கணக்கிட்டுக் காட்டுவார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழியில், பசனைக்குச் சென்ற ஐவர், மார்கழி முடிந்த பின்னரும் சம்பள நாள்தோறும் மாலையில் மாரியம்மன் கோயில் திண்ணையில் கூடுவதென முடிவுசெய்தனர். ஐவரும் குடித்தவர்களே. ஒருவர் தம் மனைவியின் தாலியையே அடகுவைத்தவர்.

அவர்கள் அங்குப் பெரிதாக எதையும் செய்யவில்லை. தேத்தண்ணி குடித்தனர்; பாடினர்; சம்பளப் பணத்தை எண்ணி மடியில் முடிந்துகொண்டனர். வராதவரைத் தேடி இருவர் லயத்துக்குச் சென்றனர். ஒருவர் இடையில் வழுவி மீண்டும் குடிக்கத் தொடங்கினார். அவரையும் அவர்கள் கைவிடவில்லை; ஒவ்வொரு சம்பள நாளும் அவர் வாசலில் நின்று அழைத்தனர். அவர் வரவில்லை. ஈரல் நோயால் இறந்தார். பாடையைச் சுமந்தோர் அத்திண்ணைக்காரர் நால்வரே.

பாட்டனார் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடிக்கவில்லை. சிறுவனாயிருந்தபோது ஒருமுறை நான், "குடிய விட்டு எத்தன வருசமாச்சு தாத்தா?" என்று கேட்டேன். "அத ராத்திரிக்குப் பாப்போம்டா" என்றார். அவர் அக்ரன் நகரைப் பற்றிக் கேள்விப்பட்டவரல்லர். எழுத்தறிவும் இல்லாதவர். ஆயினும் நாளை என்பதைக் கணக்கிற் சேர்க்காத அவ்விடையை, பல ஆண்டுகளின் பின் பல்கலைக்கழக நூலகத்திற் பன்னிரு படிகளைப் பற்றி வாசித்தபோது என் மனம் தானே நினைவுகூர்ந்தது.

திண்ணையில் இருந்தோர் ஒவ்வொருவராக மறைந்தனர். புதியவர் எவரும் அங்கு அமரவில்லை. என் தந்தையார் அத்திண்ணைக்குச் சென்றவரல்லர். அதனால் எமது குடும்பம் அடைந்ததை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தாத்தாவை மாற்றியது எது என்று ஒருமுறை பாட்டியாரிடம் வினவினேன். "சாமின்னும் சொல்லலாம், அந்த நாலு பேருன்னும் சொல்லலாம், ரெண்டும் ஒண்ணுதாம்பா" என்று விடையிறுத்தார்.

சில மறுப்புகள்

இவ்வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளையும் நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். சுரண்டலையும் வறுமையையும் விட்டுவிட்டுக் குடியைப் பற்றிப் பேசுவது தொழிலாளியையே குற்றவாளியாக்கும் என்பது முதல் மறுப்பு. அதில் உண்மையுண்டு. சிறிய அறையும் குறைந்த கூலியும் இருக்கும்வரை குடியின் வேர் முற்றாக அழியாது. ஆனால் கூடியிருத்தலும் உரிமைப்போராட்டமும் ஒன்றுக்கொன்று பகையானவையல்ல. 1940 ஆம் ஆண்டில் பதுளையை அண்மிய வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிந்தெடுத்து, அச்சபையோடு கலந்தே தோட்ட நிருவாகத்தை நடத்துமாறு துரையை உடன்படச் செய்தனர். ஒத்த நிலையினர் கூடி முடிவெடுக்கும் ஆற்றல் இம்மக்களுக்குப் புதிதன்று என்பதற்கு அது சான்றாகும். மயக்கத்திலிருப்பவனை ஆள்வது எளிது என்பதையும் மறத்தலாகாது.

சமயச் சார்பில்லாதவர்க்கு இவ்வழி எங்ஙனம் பொருந்தும் என்பது இரண்டாவது மறுப்பு. பன்னிரு படிகளிலும் இறைவன் 'அவரவர் உணர்ந்தவாறு' என்றே கூறப்பட்டுள்ளான். ஆன்மிக வளர்ச்சி என்பது சடங்கை மட்டும் குறிப்பதன்று. தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளும் துணிவு, தன்னால் வருந்தியவரிடம் பொறுப்பேற்கும் நேர்மை, தன்னைப்போல் வீழ்ந்தவனைத் தேடிச்செல்லும் அன்பு என்பன அதன் உட்பொருளாகும். மருத்துவ உதவி வேண்டியவர்க்குத் திண்ணை மட்டும் போதாது என்பதும் உண்மையே. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது உயிராபத்தும் நேரலாம். அந்நிலையில் அவர் வைத்தியசாலைக்கே செல்லல் வேண்டும்.

மூன்றாவது, இவ்வரலாறு பெரிதும் ஆண்களின் வரலாறாகவே அமைகின்றது என்பதாகும். இது நியாயமான குறைபாடு. காலையில் பிரட்டுக்குச் சென்று, பகல் முழுவதும் கொழுந்தெடுத்து, இரவிற் கணவனின் வெறியையும் தாங்கிய பெண்களே மலையகத்தின் மிகப் பழைய மதுவிலக்காளர். அவர்களுக்கெனத் திண்ணை எதுவும் இருந்ததில்லை. அல்கலி ஏரியில் மாற்றத்தைத் தொடங்கியவர் ஒரு பெண் என்பதும், சென்னை நிலையத்தை நிறுவியவர் குடியால் விதவையானவர் என்பதும் நமக்குப் பாடமாக அமையவேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். ஊவாத் தோட்டங்களில் மது தனியே வரவில்லை. துணையிழந்த மனிதர்க்குத் துணையாக வந்தது. ஆதலின் வேறொரு துணையை அளிக்காத எந்த மதுவிலக்கும் நிலைக்கவில்லை. சட்டம் கடையை மூடியது; தலைவர்களின் அறிவுரை உள்ளத்தைத் தொட்டுச் சென்றது; விரதம் ஒரு மண்டலத்துக்கு உயிரூட்டியது. நிலைத்தது எதுவெனின், குடித்தவரே குடிப்பவரைத் தேடிச்சென்று, மேலான ஒன்றை நம்பி, நாள்தோறும் உடனிருந்த கூட்டுறவேயாகும். அக்கூட்டுறவுக்கான விதைகள் நம் மரபுக்கு அயலானவையல்ல. பசனையும் காமன் கூத்தும் கதிர்காம நடையும் அவற்றை இன்றும் தாங்கி நிற்கின்றன. விரதத்தை முடிக்கும் நாளில் தோழமையையும் முடித்துவிடாதிருத்தல் ஒன்றே வேண்டுவது.

சென்ற விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது அக்கோயிலின் முன்னால் நின்றேன். அன்று சம்பள நாள். நமுனுகுலச் சிகரங்களை மஞ்சு மூடியிருந்தது. திண்ணை வெறுமையாய்க் கிடந்தது. சிறிது நேரம் அதில் அமர்ந்திருந்தேன். வழியே சென்ற முதியவர் ஒருவர் நின்று, "யாரு, கவ்வாத்துக்காரர் பேரனா?" என்று வினவினார். ஆமென்றதும் அவரும் வந்து அருகில் அமர்ந்தார்.